ஆறாம் இடத்துப் பிழை

1904ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பிரஸ்பிடேரியன் மருத்துவமனையில், இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்பவர் அவர். அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துச் சோதித்த பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ், வட்டத் தட்டைகளாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டும் வளைந்தும் அரிவாள் வடிவம் கொண்டிருப்பதைக் கண்டு, தமக்கு மேலிருந்த ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். ஹெரிக் நிதானமுள்ள வைத்தியர். கண்டதை உடனே பறைசாற்றாமல் ஆறாண்டுகள் பொறுத்திருந்து, 1910இல்தான் அந்த விபரீத அணுக்களைப் பற்றி எழுதினார். அப்போதும் நோய்க்குக் காரணம் இன்னதென்று சொல்ல அவர் துணியவில்லை. நோயலோ படிப்பை முடித்துத் தம் தீவுக்குத் திரும்பி, பல் வைத்தியம் செய்து பிழைத்து, 1916இல் தமது முப்பத்திரண்டாம் வயதில் நிமோனியாவால் மாண்டார்.

மரபணுப் பொறியியல், மரபணுச் சிகிச்சை என்று இன்று பத்திரிகைகளில் அடிக்கடி தென்படும் பெரிய சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், மனிதன் சிருஷ்டித் தொழிலையே கையில் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று அஞ்சுபவர்களும், இனி எல்லா நோயும் நாளைக்கே தீர்ந்துவிடும் என்று மகிழ்பவர்களும் நம்மிடையே உண்டு. இவ்விரு சாராருக்கும் நான் சிபாரிசு செய்வது, ஒரே ஒரு நோயின் சரித்திரத்தை அவசரமில்லாமல் படித்துப் பார்ப்பதைத்தான். அதற்கு ஹெரிக் விவரித்த இந்தக் கதிர் அரிவாள் ரத்தசோகையைக் காட்டிலும் பொருத்தமான நோய் வேறில்லை. மூலக்கூறு அளவில் காரணம் கண்டறியப்பட்ட முதல் நோய் இதுவே. கிரிஸ்பர் என்னும் நூதன யுக்தியைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை உலகத்திலேயே முதன்முதலாக அரசாங்க அங்கீகாரம் பெற்றதும் இந்நோய்க்கே. அன்றியும், இது நமக்கு அந்நியமான வியாதியும் அன்று. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களிடையே அரிவாள் அணுக்கள் இருப்பதை 1952இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் அது தென்பட்டது. பின்னர் குஜராத் தொடங்கி ஒடிஷா வரையில் மத்திய இந்தியாவின் குறுக்கே பரந்து கிடக்கும் பழங்குடிப் பிரதேசம் முழுவதிலும் அது வேரூன்றியிருப்பது தெரியவந்தது.

ரத்தத்துக்குச் செந்நிறத்தைத் தருவதும், சுவாசப்பையிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து சென்று உடலெங்கும் இறக்குவதும் ஹீமோகுளோபின் என்னும் புரதம் என்பதை நாம் அறிவோம். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு சங்கிலிகளால் ஆனது. ஆல்பா எனப்படும் இரண்டில் 141 அமினோ அமிலங்களும், பீட்டா எனப்படும் இரண்டில் 146 அமினோ அமிலங்களும் வரிசை பிசகாமல் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளிகளுக்கு அவ்விடத்தில் வேலின் என்னும் வேறோர் அமிலம் வந்து அமர்ந்துவிடுகிறது. குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு நேசமானது. வேலினோ தண்ணீரை வெறுப்பது. பிராணவாயுவை இறக்கிவிட்ட மறுகணம், அந்த வேலின் பக்கத்து மூலக்கூறிலுள்ள ஒரு பள்ளத்தில் போய் ஒண்டிக்கொள்ள, அது அடுத்ததைப் பற்ற, இப்படியே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட இழைகளாகி அணுவின் மெல்லிய தோலை உள்ளிருந்து தள்ளுகின்றன. அணு விறைத்து வளைகிறது. மயிரினும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அத்தகைய அணுக்கள் சென்று, வாய்க்கால் மதகில் சிக்கிய சருகுகளைப்போல் அடைத்துக்கொள்ளும்போது, அதற்கப்பாலுள்ள தசையும் எலும்பும் பிராணவாயு இல்லாமல் துடிக்கின்றன. அந்த வலியை அனுபவித்தவர்கள்தாம் அறிவார்கள். சாதாரணமாக 120 நாள் ஜீவிக்கும் சிவப்பணு, இவர்களிடத்தில் பத்து இருபது நாட்களில் மடிந்துபோவதால் சோகை தீராமல் தொடர்கிறது. மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதாகி, சாதாரணக் கிருமிகளும் எமனாகின்றன. சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்கூட வருகிறது.

இத்தனை துன்பத்துக்கும் ஒரே ஓர் அமிலம் மாறியிருப்பதே காரணம் என்பதைக் கண்டுபிடித்த விதம் ரசமானது. 1945இல், அமெரிக்க அரசாங்கம் அமைத்த மருத்துவக் குழு ஒன்றில், இருதயத்துக்குத் திரும்பிவரும் அசுத்த ரத்தத்தில்தான் அணுக்கள் அரிவாளாக வளைகின்றன என்று வில்லியம் காசில் என்ற வைத்தியர் பேச்சுவாக்கில் சொன்னார். அங்கிருந்த லைனஸ் பாலிங் வைத்தியர் அல்லர், ரசாயன விஞ்ஞானி. பிராணவாயு நீங்கியதும் உருமாற்றம் நிகழ்கிறதென்றால், குற்றம் அணுவில் இல்லை, அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் இருக்க வேண்டும் என்று அவருக்கு அந்தக் கணத்திலேயே பட்டுவிட்டது. அவரும் அவருடைய மாணவர் ஹார்வி இட்டானோவும் மற்ற இருவரும், நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் மற்றவர்களுடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்ததில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. 1949இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, இதை ஒரு மூலக்கூறு நோய் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டது. அமிலத்தின் இருப்பிடம் வரைக்கும் சென்றவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இருந்த வெர்னன் இங்கிராம். அவர் ஹீமோகுளோபினை நொதியால் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளைக் காகிதத்தில் பரவவிட்டு, இரண்டு ரத்தத்தின் புள்ளிக் கோலங்களையும் ஒப்பிட்டார். ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. 1957இல் அந்தப் புள்ளியின் ரகசியமும் வெளிப்பட்டது.

புரதத்தின் வரிசையைத் தீர்மானிப்பது டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள். ஏ, டி, ஜி, சி எனும் நான்கே எழுத்துகளால் ஆன அந்த நெடுஞ்சரம், மனிதரிடத்தில் சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ளது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. ஒரு புரதத்துக்குரிய பகுதியே மரபணு. பீட்டா சங்கிலியின் மரபணு பதினொன்றாவது குரோமோசோமில் இருக்கிறது; அதில் ஜி.ஏ.ஜி. என்று இருக்க வேண்டிய ஆறாம் இடம் ஜி.டி.ஜி. என்று மாறியிருப்பதுதான் சகல அனர்த்தத்துக்கும் வித்து.

அப்படியானால், இவ்வளவு கொடிய பிழை தலைமுறைதோறும் அழிந்துபோகாமல் நிலைத்திருப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பீட்டா மரபணுக்கள் உண்டு. இரண்டும் பழுதானால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதானவர் பெரும்பாலும் சுகமாகவே வாழ்கிறார். அவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து நிறுவியவர் அந்தோணி அல்லிசன். மலேரியா தாண்டவமாடிய காடுகளில், ஒரு குழந்தையைப் பலிகொண்ட அதே பிழை பல குழந்தைகளைக் காத்தது. இன்று உலகில் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் முக்கால் பங்கினர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் பிறப்பதற்கும், வயநாட்டுச் சரிவிலும் நீலகிரி அடிவாரத்திலும் இது தங்கியிருப்பதற்கும் அதுவே காரணம்.

ஆக 1957ஆம் ஆண்டிலேயே நோயின் வேர் அம்பலமாகிவிட்டது. பிழை இருக்கும் இடம் தெரிந்தபின் திருத்துவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? அறுபத்தாறு ஆண்டுகள் பிடித்தது. அப்படிப் பிடித்த பின்பும், உண்மையில், அந்தப் பிழை திருத்தப்படவில்லை. இந்த விந்தையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முதலில், டி.என்.ஏ.வைக் கையாளுவதற்குக் கருவிகள் வேண்டியிருந்தன. அவற்றை மனிதன் தானாகப் படைக்கவில்லை. பாக்டீரியாக்களிடம் கடன் வாங்கினான். தம்மைத் தாக்கும் வைரசுகளின் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் நறுக்கிவிடும் நொதிகள் பாக்டீரியாக்களிடம் உண்டு. அத்தகைய நொதியால் நறுக்கி, வேறொரு நொதியால் ஒட்டி, ஒட்டியதை ஈ. கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவுக்குள் புகுத்திப் பெருகச் செய்யும் வித்தையை ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் 1973இல் கலிபோர்னியாவில் செய்துகாட்டினார்கள். மரபணுப் பொறியியலின் பிறப்பு அதுதான். 1975இல் விஞ்ஞானிகளே அசிலோமர் என்னுமிடத்தில் கூடி, இந்த வித்தைக்குத் தாமாகவே எல்லை வகுத்துக்கொண்டது போற்றத்தக்க காரியம். 1978இல் மனித இன்சுலினின் மரபணு ஈ. கோலைக்குள் வைக்கப்பட்டு, பாக்டீரியா இன்சுலின் செய்யத் தொடங்கியது. 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதுவரை பன்றி, மாடுகளின் கணையத்தை டன் கணக்கில் அரைத்துத்தான் நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் எடுத்து வந்தார்கள். இன்று நம் வீட்டுக் குளிர்பெட்டிகளில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் சமைத்துக் கொடுத்ததே.

ஆனால் பாக்டீரியாவுக்குள் மரபணுவை வைப்பதும், உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் சரீரத்துக்குள் வைப்பதும் ஒன்றல்ல. இன்சுலினை வெளியில் செய்து ஊசியில் ஏற்றலாம். ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள்ளேயே விளைய வேண்டும். சிவப்பணுக்களோ மடிந்து மடிந்து புதிதாகப் பிறப்பவை. அவற்றை ஓயாமல் ஈன்றுகொண்டிருப்பவை எலும்பு மஜ்ஜையில் வாழும் மூல அணுக்கள். ஆகவே சிகிச்சை அந்த மூல அணுக்களைப் போய்ச் சேர வேண்டும். 1980இல் அமெரிக்க வைத்தியர் மார்ட்டின் கிளைன், இதே பீட்டா மரபணு கெட்டிருக்கும் தலசீமியா நோயாளிகள் இருவருக்கு, தம் பல்கலைக்கழகத்தின் அனுமதியில்லாமல் இஸ்ரேலிலும் இத்தாலியிலும் வைத்து மரபணுவைப் புகுத்திப் பார்த்தார். பயன் ஏதும் கிட்டவில்லை. பதவியும் ஆராய்ச்சி நிதியும் பறிபோயின. அந்தத் தண்டனை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

முறையான அனுமதியோடு செய்யப்பட்ட முதல் மரபணுச் சிகிச்சை, 1990 செப்டம்பர் 14ஆம் தேதி, வாஷிங்டனுக்கு அருகேயுள்ள பெதஸ்டாவில், நோயெதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஒரு நான்கு வயதுச் சிறுமிக்கு நடந்தது. அவளுடைய வெள்ளணுக்களை வெளியே எடுத்து, வைரசின் மூலமாக அவற்றில் நல்ல மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அணுவுக்குள் நுழைந்து தன் மரபுப் பொருளை அங்கே விடுவதையே பிழைப்பாகக் கொண்ட வைரசிடமிருந்து, நோய் செய்யும் பகுதியை நீக்கிவிட்டு, அதன் நுழையும் சாமர்த்தியத்தை மட்டும் நாம் உபயோகித்துக்கொள்வது இம்முறையின் தந்திரம். தந்திரம் இருபக்கமும் கூருள்ளது. 1999இல் பென்சில்வேனியாவில், ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற பதினெட்டு வயது இளைஞர், வைரசுக்கு எதிராக அவருடைய சரீரமே கொந்தளித்ததால் நான்கே நாட்களில் உயிரிழந்தார். பாரிஸில், எதிர்ப்புச் சக்தியற்ற குழந்தைகள் இச்சிகிச்சையால் அற்புதமாகக் குணமடைந்து வந்த வேளையில், அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் தோன்றியது. புகுத்தப்பட்ட மரபணு தகாத இடத்தில் போய் அமர்ந்து, பக்கத்திலிருந்த புற்றுநோய் மரபணுவைத் தூண்டிவிட்டிருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் இத்துறை முடங்கிக் கிடந்தது. பத்திரிகைகளின் உற்சாகம் அடங்கிய அந்தக் காலத்தில்தான் பாதுகாப்பான வைரசுகளை அமைக்கும் பொறுமையான வேலை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் கதிர் அரிவாள் நோய்க்கு வேறொரு வழி தற்செயலாகத் திறந்தது. 1984இல் வெளியான அறிக்கை ஒன்றின்படி, ரத்தப் புற்றுநோயும் இந்நோயும் சேர்ந்தே பீடித்திருந்த ஓர் அமெரிக்கச் சிறுமிக்குப் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்றிவைத்தபோது, அரிவாள் அணுக்களும் மறைந்துவிட்டன. நோய் தீரக்கூடியதே என்பதற்கு அது பிரத்தியட்சமான நிரூபணம். ஆனால் பொருந்தும் மஜ்ஜையுள்ள உடன்பிறப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இனி, முடிச்சை அவிழ்த்த சுற்றுவழிக்கு வருவோம். 1948இல், நியூயார்க்கின் புரூக்ளினில், ஜேனட் வாட்சன் என்ற குழந்தை வைத்தியர் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். இந்நோயோடு பிறந்த சிசுக்களுக்கு முதல் சில மாதங்கள் நோயின் அறிகுறியே இருப்பதில்லை. கருப்பையில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. அதில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருக்கும். பிறந்த சில மாதங்களில் அது விடைபெற்று, பீட்டா அதன் இடத்துக்கு வருகிறது. காமா இருக்கும் வரையில் குழந்தைக்கு ஆபத்தில்லை. அப்படியானால், விடைபெற்றுப் போனதைத் திரும்ப அழைத்துக்கொண்டால் போதாதா? அதைப் போகச் செய்வது எது என்பது அறுபது ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 2008இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் முதலியோர், பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுதான் காமாவை அடக்கிவைக்கிறது என்று காட்டினார்கள். அதன் வாயை அடைத்துவிட்டால் காமா பேசத் தொடங்கிவிடும்.

அடைப்பதற்கான கருவி மறுபடியும் பாக்டீரியாவிடமிருந்தே வந்தது. முன்பு தாக்கிய வைரசின் எழுத்து வரிசையில் ஒரு துணுக்கைத் தன் டி.என்.ஏ.வில் சேமித்துவைத்து, அதே வைரஸ் மறுபடி வந்தால் அத்துணுக்கின் பிரதியைக் கொண்டு அடையாளம் கண்டு வெட்டும் தற்காப்பு முறை பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. கிரிஸ்பர் என்பது அதன் பெயர். தயிர் தயாரிக்கும் ஆலைகளில் பயன்படும் பாக்டீரியாவை வைத்து 2007இல் அது மெய்ப்பிக்கப்பட்டது. அடையாளம் காட்டும் துணுக்கை நாம் விரும்பியபடி எழுதிக்கொடுத்தால், காஸ்9 என்னும் நொதி நாம் விரும்பிய இடத்தில் வெட்டும் என்று 2012இல் காட்டிய எமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இரு பெண்மணிகளுக்கும் 2020இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழைய நொதிகள் தமக்கென்று விதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வெட்டுபவை. இதுவோ சொன்ன இடத்தில் வெட்டும்.

காஸ்ஜெவி என்ற பெயரில் 2023 நவம்பர் 16இல் பிரிட்டனிலும், டிசம்பர் 8இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற சிகிச்சை இவ்வாறு நடக்கிறது. நோயாளியின் மூல அணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கிரிஸ்பர், சிவப்பணு வளர்ச்சியின்போது பி.சி.எல்.11ஏவை முடுக்கிவிடும் சிறு பகுதியில் ஒரு வெட்டு வெட்டுகிறது. அணு தானே அந்தக் காயத்தை ஒட்டிக்கொள்ளும்போது எழுத்துகள் குழம்பி, அப்பகுதி செயலிழக்கிறது. இதற்கிடையே நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் அழித்து, புதிய அணுக்களுக்கு இடம் உண்டாக்க வேண்டும். தலைமயிர் உதிரும், வாயெல்லாம் புண்ணாகும், மகப்பேற்றுச் சக்தியும் பறிபோகக்கூடும். பின்பு திருத்திய அணுக்களை ஏற்றி, வாரக்கணக்கில் மருத்துவமனையில் தனிமையில் வைத்திருக்கிறார்கள். சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை. ஆறாம் இடத்து வேலின் மட்டும் அப்படியே இருக்கிறது. பிழை திருத்தப்பட்டுவிட்டது என்று எழுதிய பத்திரிகைகள் விஷயத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

நோயாளியின் மஜ்ஜையில் செய்யப்படும் இம்மாற்றம் அவரோடு முடிந்துபோவது, சந்ததிக்குச் செல்வதன்று. கருவிலேயே மாற்றத்தைச் செய்து சந்ததி முழுவதற்கும் கடத்துவது வேறு விவகாரம். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி அதைச் செய்து இரட்டைக் குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, மூன்றாண்டுச் சிறைவாசம் பெற்றார். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் ஜனங்களிடையே வீண் பீதி பரவுகிறது.

2023இல் அனுமதி பெற்றபோது காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல். நைஜீரியக் கிராமத்துக் குடும்பத்துக்கோ, நீலகிரியின் பந்தலூர் மலைச்சரிவில் தேயிலை பறிக்கும் பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கோ இந்தத் தொகை அர்த்தமற்றது. நம் நாட்டில் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்கு அவர்களுடைய மூல அணுக்களிலேயே ரத்தம் உறையச் செய்யும் புரதத்தின் மரபணுவை ஏற்றிச் செய்த சிகிச்சைக்குப் பின் ரத்தக்கசிவு நின்றுபோனதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கதிர் அரிவாள் நோய்க்கென்றே டெல்லியிலுள்ள மத்திய அரசின் மரபணு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரால் பிர்சா 101 என்று 2025 நவம்பரில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஆனால் அது மலைக்கிராமம் வரையில் வந்து சேரும் நாளுக்காக இன்றைய நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்வது தர்மமாகாது.

ஏனெனில், ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை ஒன்று இருக்கிறது. பலருக்கு அதுவும் அதே கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவுக்குத் திரும்ப வரவழைத்து வலி நெருக்கடிகளைக் குறைக்கிறது. இந்நோயை ஒழிக்க 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம் 7 கோடி மக்களின் ரத்தத்தைச் சோதிப்பதாக ஏற்றுக்கொண்டது; பாலிங் கையாண்ட மின்புல முறையின் வழிவந்த சோதனை இன்றும் நோயை உறுதிசெய்யப் பயன்படுகிறது. ஒரு பழுதான மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆதலால் சோதனையின் முடிவை மணப்பேச்சின்போதே எடுத்துப் பார்ப்பது நலம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் பணிபுரியும் ஆசிரியர்களும் செவிலியரும் தோட்ட மேற்பார்வையாளர்களும் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், மூட்டு வலி என்றும் ரத்தக் குறைவு என்றும் அடிக்கடி சுருண்டு படுக்கும் பிள்ளைகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.